சுவருக்குள் போன புற்று

கண்ணு,

பெங்களூர் போய்ச் சேர்ந்துவிட்டாய் என்று உன் மனைவி செய்தி அனுப்பினாள். அதனால் நலம் விசாரிப்பதை விட்டுவிடுகிறேன். வெள்ளிக்கிழமை நீ கட்டிக்கொடுத்த அந்தப் புது வீட்டுப் புண்ணியார்ச்சனையில் எனக்கு ஏற்பட்ட அதிர்ச்சி இன்னும் அடங்கவில்லை. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உங்கப்பா பிரஷர் மாத்திரை போட்டாயா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். மாத்திரையில் தீருகிற காரியமா இது? போனில் பேசினால் நான் கத்துவேன், நீ “அம்மா, மீட்டிங் இருக்குது” என்று வைத்துவிடுவாய். நாலு பேர் பாராட்டிக்கொண்டிருந்த வீட்டில் உன்னை நிற்கவைத்து என்னால் முழுதாகக் கேட்கவும் முடியவில்லை. கடிதம் என்றால் பாதியில் வைக்க முடியாதல்லவா, அதனால் எழுதுகிறேன். தயவு செய்து கடைசி வரைக்கும் படி.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அம்மாவுக்கு உன் தொழிலே பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொள்வாய். மண்ணில் வீடு கட்டப்போகிறேன் என்று நீ சொன்னபோது நான் உன்னோடு சில நாள் பேசாமல் இருந்தது உண்மை. நான் மண் வீட்டில் பிறந்து வளர்ந்தவள். ஐப்பசி அடைமழையில் சுவர் ஊறிப் பொதபொதவென்று நிற்கும்போது, இன்றைக்கு ராத்திரி நம்மேல் விழுமா நாளைக்கு விழுமா என்று பார்த்துக்கொண்டு படுத்திருப்போம். கூரை இடுக்கிலிருந்து தேள் விழுந்து என் தம்பியைக் கொட்டியது. அதிலெல்லாம் எனக்கு ஒரு ஏக்கமும் கிடையாது, கண்ணு. உங்கப்பா பம்ப் பட்டறை போட்டுத் தலை நிமிர்ந்து, கணபதி பகுதியில் இந்த வீட்டுக்குக் கான்கிரீட் போட்ட அன்றைக்கு நான் மொட்டைமாடியில் நின்று அழுதேன். அப்படிப்பட்டவளிடம் வந்து சுவருக்குச் சிமெண்ட்டே வேண்டாம் என்றால் எப்படி இருக்கும்? படிக்க வைத்த படிப்பெல்லாம் வீணாகப் போய்விட்டது என்றுதான் நினைத்தேன்.

ஆனால் வெள்ளிக்கிழமை தொண்டாமுத்தூர் தாண்டி அந்த வீட்டுக்குள் கால் வைத்ததும் என் வாய் அடைத்துப்போனது. வெளியே வைகாசி வெயில் மண்டையைப் பிளக்கிறது, உள்ளே ஃபேன் கூட ஓடவில்லை, பட்டுச்சேலையில் என் முதுகு வியர்வை தானாகக் காய்ந்தது. மேல்தளத்தில் மண்சட்டிகளைக் கவிழ்த்து வைத்து அதற்கு நடுவில் கான்கிரீட் வார்த்திருக்கிறாய் என்று உங்கப்பா அண்ணாந்து பார்த்துக் காட்டினார். செங்கல்லைக் குத்தவைத்து அடுக்கி நடுவில் காற்று நிற்க இடம் விட்டிருப்பதையும் அவர்தான் எல்லோருக்கும் விளக்கினார், என்னவோ தானே கட்டியது போல. சுண்ணாம்பில் கடுக்காயும் வெல்லமும் ஊறப்போட்ட தண்ணீர் சேர்த்தாயாம். வெள்ளையடிக்கிற கரைசலில் மோர் கலந்தாயாம். எல்லாவற்றுக்கும் மேலே அந்தக் கூடத்துச் சுவர். டிவி மாட்டியிருக்கிறார்களே, அது. செம்மண் நிறத்தில், ஒரு வெடிப்பு இல்லாமல், கையால் தடவினால் வழவழவென்று. அந்த வீட்டுக்கார அம்மா தீபா ஒவ்வொரு விருந்தாளியையும் கூட்டிப் போய் அந்தச் சுவரைத் தடவிப் பார்க்கச் சொன்னாள். நானும் தடவினேன். எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

பந்தி முடிந்து கை கழுவப் பின்பக்கம் போனேன். கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு அம்மா நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு சொம்பு, அதன் வாயை ஒரு தட்டால் மூடியிருந்தார். என் வயசு இருக்கும், தலைக்குக் குளித்து ஈரத்தோடு கொண்டை போட்டிருந்தார். சாப்பாட்டுக்குத்தான் தயங்கி நிற்கிறார் என்று நினைத்து, “உள்ள வாங்க, பந்தி இன்னும் நடக்குது” என்று கூப்பிட்டேன்.

“ஏனுங்க அம்மணி, சோறு வேண்டாமுங்க. புத்துக்கு ஒரு சொம்பு பாலு ஊத்தோணும். வெள்ளிக்கெழமையில்லீங்களா,” என்றார்.

“புத்து எங்கீங்க இருக்குது?” என்று நான் சுற்றும்முற்றும் பார்த்தேன். பேவர் கல் போட்ட முற்றமும் புதுசாக நட்ட செடிகளும்தான் இருந்தன.

“உள்ளதானுங்க. டிவி மாட்டியிருக்குதுங்களே, அந்தச் செவுத்துல,” என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வெயிலில் நின்று நின்று அவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுகூட நினைத்தேன். அவரைப் பூவரச மர நிழலுக்குக் கூட்டிப் போய் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, நான் இந்த வீடு கட்டிய என்ஜினியரோட அம்மா என்று சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. அவர் பெயர் பொன்னாத்தா. உன் கட்டடத்துக்குத்தான் அஸ்திவாரம் தோண்டியதிலிருந்து பூச்சு முடியும்வரை வேலைக்கு வந்தவர். உனக்கு அவரை நன்றாகத் தெரியும். உனக்குச் சுக்குக் காப்பி போட்டுக்கொண்டு வந்து கொடுப்பாராம், சொன்னார்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். மனையின் கிழக்கு ஓரத்தில் ஆளுயரத்துக்கு ஒரு புற்று இருந்தது. அந்த மனை யார் யார் கையோ மாறியது, புற்று மட்டும் அங்கேயே இருந்தது. பக்கத்துத் தெருப் பெண்கள் அதற்கு மஞ்சள் துணி சுற்றி, வெள்ளிக்கிழமை பால் ஊற்றிக் கும்பிடுவார்கள். பொன்னாத்தாவின் மகளுக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் பிள்ளை இல்லை. அந்தப் புற்றடியில் வேண்டிக்கொண்டு, தகட்டில் கண் வடிவில் செய்த கண்மலர் ஒன்றை வாங்கி அவர் அதன் மடியில் வைத்திருந்தார். ஆடி பதினெட்டுக்கு அந்தப் பெண்கள் எல்லோரும் வேன் பிடித்துப் பவானி கூடுதுறைக்குப் போனார்கள். திரும்பி வந்து பார்த்தால் புற்று இல்லை. ஜேசிபி திரும்பும்போது தெரியாமல் இடித்துவிட்டது என்று மேஸ்திரி சொல்லியிருக்கிறார். அழுதார்கள், யார் மேலும் கோபப்படவில்லை. வண்டிக்குக் கண்ணா இருக்கிறது என்று விட்டுவிட்டார்கள்.

“பொறவு ஆவணியில பூச்சு வேலைங்க. மண்ணுல தண்ணி விட்டு, வைக்கோலப் போட்டு, நாங்க பொம்பளைங்க சுத்திச் சுத்தி மிதிப்போமுங்க. பாட்டுப் பாடிக்கிட்டு, சிரிச்சுக்கிட்டுத்தான் மிதிச்சோம். ஒரு நாளு என்ற கால்ல என்னமோ குத்துச்சுங்க. எடுத்துக் கழுவிப் பாத்தனுங்க. கண்ணு. நான் வெச்ச கண்ணு.”

இதைச் சொல்லும்போது அவர் தன் பாதத்தைச் சேலைக்குள் இழுத்து மறைத்துக்கொண்டார். நான் சாமி பைத்தியம் பிடித்தவள் இல்லை என்பது உனக்குத் தெரியும். பாம்பு பால் குடிக்காது என்று பக்கத்து வீட்டு அம்மாளோடு மல்லுக்கட்டியவள் நான். ஆனால் வாராவாரம் கும்பிட்ட சாமியைத் தன் காலாலேயே மிதித்துக் குழைத்துவிட்டேன் என்று ஒரு பெண்ணுக்குத் தெரிந்த நிமிஷம் எப்படி இருந்திருக்கும் என்று நீயே நினைத்துப் பார். அவர் அந்தக் கண்மலரை முந்தானையில் முடிந்துகொண்டு, யாரிடமும் சொல்லாமல், அன்றைக்குச் சாயங்காலம் வரை வேலை செய்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போயிருக்கிறார். சொன்னால் மற்ற பெண்களும் பயந்துவிடுவார்களே என்று சொல்லவில்லையாம்.

அதற்கப்புறம்தான் அந்த மகள் கர்ப்பமானாள். இப்போது பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்திருக்கிறாள், ஆனி பிறந்ததும் நாள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். “தாயி குடுத்துப்போட்டா, அம்மணி. ஆனா, நான் மிதிச்சதுக்குத் திருப்பி எடுத்துக்குவாளோன்னு ராவெல்லாம் தூக்கமில்லீங்க. என்ற புள்ளைக்கு இது ஒண்ணும் தெரியாதுங்க. ஒரே ஒரு தடவ அந்தச் செவுத்துக்குப் பாலு விட்டு, மன்னிச்சுக்கோ தாயேன்னு சொல்லிப்போட்டு வந்தர்றனுங்க.” உன்னைப் பற்றியும் சொன்னார், கேட்டுக்கொள். “தம்பி மேல ஒரு தப்பும் இல்லீங்க. வண்டிக்காரன் செஞ்சதுக்கு அவரென்ன பண்ணுவாரு? மிதிச்சது நானுங்க.”

நான் நேராக உன்னிடம் வந்தேன். நீ யாரோ பத்திரிகைக்காரப் பெண்ணுக்கு அந்தச் சுவரைக் காட்டிக்கொண்டிருந்தாய். உன்னைத் தனியாக அடுப்படிக்குக் கூப்பிட்டு, இந்த மாதிரி ஒரு தவறு நடந்துபோச்சாமே, பாவம், அந்த அம்மாவை உள்ளே விடலாமா என்று கேட்டேன். நடந்தது தவறு என்றுதான் நானும் நம்பினேன். உனக்குத் தெரியாது என்று நினைத்து உனக்காகவும் சேர்த்துத்தான் வருத்தப்பட்டேன். நீ சிரித்தாய். “தவறெல்லாம் இல்லம்மா. புத்து மண்ணு மாதிரி மண்ணு கெடைக்காது. கரையான் எச்சில் கலந்த மண்ணு, வெடிக்காது, கரையாது. அந்தக் காலத்துல நல்ல பூச்சுக்கு இதத்தான் தேடுவாங்க. எங்க தேடுனாலும் கெடைக்கல, சைட்டுலயே இருந்துச்சு,” என்றாய். உன் குரலில் அவ்வளவு உற்சாகம்.

“மஞ்சத் துணி சுத்தியிருந்துச்சாமே, பாத்தியா?” என்று கேட்டேன். நீ சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டாய். நான் திரும்பக் கேட்டேன். “அவுத்து வேப்பமரத்துல கட்டச் சொன்னேம்மா,” என்றாய். “அப்ப அவங்ககிட்டக் கேட்டிருக்கலாமே கண்ணு?” என்றதற்கு நீ சொன்ன பதில் இருக்கிறதே, அது இன்னும் என் காதிலேயே நிற்கிறது. “கேட்டா விடமாட்டாங்கம்மா. அதான் அவங்க பவானி போற அன்னைக்கு எடுத்தோம். ஜேசிபின்னு மேஸ்திரிகிட்ட நான்தான் சொல்லச் சொன்னேன். யாருக்கும் மனசு கஷ்டம் வேண்டாம்னு.”

என்ன பிள்ளையைப் பெற்றேன் என்று ஒரு நிமிஷம் தோன்றிவிட்டது, கண்ணு. தெரியாமல் செய்திருந்தால் உன்னைக் கட்டிப்பிடித்து ஆறுதல் சொல்லியிருப்பேன். நீ துணியைப் பார்த்தாய், அது என்னவென்று புரிந்தது, யார் கும்பிடுகிறார்கள் என்று தெரிந்தது, அவர்கள் ஊரில் இல்லாத நாளாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தாய். அதற்குப் பிறகு அதே பெண்களைக் கூப்பிட்டு அதே மண்ணை மிதிக்கச் சொல்லி நின்று பார்த்தாய். அவர்கள் பாட்டுப் பாடி மிதிப்பதை வீடியோ எடுத்து எனக்கு அனுப்பினாயே, ஞாபகம் இருக்கிறதா? எவ்வளவு அழகாக இருக்கிறது என்று நான் அதை நம் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பிவைத்தேன். இப்போது அதைத் திறந்து பார்க்க என்னால் முடியவில்லை.

புற்று மண்ணை எடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. எங்கள் ஊரிலும் எடுப்பார்கள். தரை மெழுகுவார்கள், களத்துக்குப் போடுவார்கள், அடுப்புக் கட்டுவார்கள். ஆனால் துணி கட்டாத புற்றாகப் பார்த்து எடுப்பார்கள். ஒரு புற்றுக்கு யாரோ ஒருத்தி துணி கட்டிவிட்டால் அதற்கப்புறம் அது மண் கணக்கில் வராது. இதற்கு ஒரு புத்தகமும் தேவையில்லை. என்னைக் கேட்டிருந்தால் பருப்புக்குத் தாளித்துக்கொண்டே போனில் சொல்லியிருப்பேன். கடுக்காய்த் தண்ணீர் எத்தனை நாள் ஊற வேண்டும் என்று நீ எங்கெங்கோ அலைந்து எத்தனை பேரிடம் கேட்டாய்! பழைய முறை என்று நீ சொல்லுகிற இந்தக் காரியத்தில் மண்ணைப் பற்றிக் கேட்டாய், சுண்ணாம்பைப் பற்றிக் கேட்டாய். அந்த மண்ணைக் கும்பிடுகிறவரைப் பற்றி ஒரு வார்த்தை யாரிடமும் கேட்கவில்லை.

சரி, நடந்தது நடந்துவிட்டது, ஒரு சொம்புப் பால்தானே, உள்ளே விடு என்றேன். நீ தீபாவிடம் போய் ஏதோ லோக்கல் சென்டிமென்ட் என்று சொன்னாய். அந்தப் பெண் நல்ல மாதிரிதான். “அக்காவ வரச்சொல்லுங்க, ஆனா செவுத்துல கறை விழுமா?” என்று உன்னைத்தான் கேட்டாள். விழாது என்று ஒரு வார்த்தை நீ சொல்லியிருக்கலாம், இல்லை, விழுந்தாலும் நான் பூசித் தருகிறேன் என்றாவது சொல்லியிருக்கலாம். “பால் பட்டா கறை நிக்கும், எறும்பு வரும்,” என்றாய். சுண்ணாம்புக் கரைசலில் குடம் குடமாக மோர் ஊற்றினவன் நீ! எனக்கு அங்கேயே உன்னை ஒரு அறை விடலாம் போல இருந்தது. இத்தனை பெரியவனான பிறகு உன்மேல் அப்படி ஒரு கோபம் எனக்கு வந்ததே இல்லை.

கடைசியில் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது, நீ விருந்தாளிகளோடு போட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தாய். வெளியிலிருந்தே ஊத்திக்கிறனுங்க என்று பொன்னாத்தா சொல்லிவிட்டார். கூடத்துச் சுவரின் வெளிப்பக்கம் எது என்று நான்தான் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். அவர் செருப்பைக் கழற்றி வைத்து, சுவரைத் தொடாமல், அடியில் மஞ்சள் குங்குமம் வைத்து, பாலை ஊற்றினார். அந்த இடத்தில் மண் ஏது? நெருக்கி அடுக்கிய பேவர் கல். பால் எங்கேயும் இறங்காமல் கல்மேலேயே ஓடி, வாசல் பக்கம் போய், அங்கே கழற்றிப் போட்டிருந்த விருந்தாளிகளின் செருப்புகளுக்கு நடுவில் நின்றது. பொன்னாத்தா அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு குனிந்து, செருப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாக வைத்தார், பால் காலில் படக்கூடாது என்று. “ஏத்துக்கலீங்க போல இருக்குது அம்மணி,” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். உன்னுடைய அம்மா என்று அவரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டவள் நான், கண்ணு.

வீட்டுக்கு வந்து உங்கப்பாவிடம் சொன்னேன். அவர் கையிலிருந்த பேப்பரை மடித்து வைத்தார். பிறகு, “பக்கத்து வீட்டு ஜன்னல் ஒடைஞ்சப்ப இவன் தானா போயிச் சொன்னானே,” என்றார். உனக்கு நினைவிருக்கிறதா என்று தெரியவில்லை. நீ அடித்த பந்தில் அவர்கள் அடுப்படிக் கண்ணாடி உடைந்தது. அவர்கள் தங்கள் வீட்டுப் பையன்தான் உடைத்தான் என்று அவனைப் போட்டு அடித்தார்கள். சத்தம் கேட்டதும் நீ சாப்பிட்ட தட்டை அப்படியே வைத்துவிட்டு, எச்சில் கையோடு ஓடிப்போய், நான்தான் அடிச்சேன் என்று நின்றாய். நாங்கள் யாரும் உன்னைப் போகச் சொல்லவில்லை. அன்றைக்கு ஓடிப்போய் நின்ற அந்தப் பிள்ளை எங்கே போனான் என்றுதான் உங்கப்பாவுக்கும் எனக்கும் வீட்டில் பேச்சாக இருக்கிறது.

அடுத்த வாரம் ஏதோ மாநாட்டில் இந்த வீட்டைப் பற்றிப் பேசப்போகிறாயாம், மருமகள் சொன்னாள். போ, பேசு. வீடு நன்றாகத்தான் இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. சுவரை இடிக்கவும் சொல்லவில்லை. அதற்குப் பொன்னாத்தாவே சம்மதிக்கமாட்டார், மறுபடியும் கடப்பாரை படவேண்டுமா என்பார். பரிகாரம் பண்ணுகிறேன் என்று யாரையாவது கூட்டிக்கொண்டு போகாதே. பழத்தட்டு, சேலை என்று எதையாவது தூக்கிக்கொண்டும் போய் நிற்காதே. அந்த மாநாட்டுக்கு முன்னால் ஒரு நாள் ஊருக்கு வந்து, அந்த அம்மாவின் வீட்டு வாசலில் நின்று, நடந்ததைச் சொல். துணியைப் பார்த்தேன், தெரிந்துதான் எடுத்தேன், ஜேசிபி என்று பொய் சொல்லச் சொன்னேன், நீங்கள் மிதித்தது எதை என்று அன்றைக்கே எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. இதை நான் போய்ச் சொல்லலாம். நான் சொன்னால், தன்னை ஆற்றுவதற்காகப் பெற்ற பிள்ளைமேலேயே பழியைப் போடுகிறேன் என்று நினைத்து என்னையே சமாதானப்படுத்தி அனுப்புவார். நீ சொன்னால்தான் நம்புவார். திட்டுவார், ஊர்ப் பெண்கள் எல்லோரும் வந்து திட்டுவார்கள், உன் பேர் கெடும். கெடட்டும்.

தள்ளிப்போட உனக்கு நேரம் இல்லை, கண்ணு. பொன்னாத்தாவின் மகளுக்கு எந்த நாளும் வலி வரலாம். குழந்தை நல்லபடியாகப் பிறந்தால், தாயே, என் காலை மன்னித்துவிட்டாய் என்று பொன்னாத்தா கும்பிடுவார். ஏதாவது ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிட்டால், இந்தக் கால்தான், இந்தக் கால்தான் என்று தன் காலையே அடித்துக்கொண்டு அழுவார். எது நடந்தாலும் உன் பேரை அவர் சொல்லப்போவதில்லை.

அம்மா